கிழிந்த காது குளோனில் வராது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டு நாய் டைகர் செத்து மூன்றாம் நாள், சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர் மகன் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டான். அமெரிக்காவில் டாம் பிரேடி என்று ஒரு கால்பந்து ஆட்டக்காரர் (அவர்கள் ஊர் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது), செத்துப்போன தன் லூவா என்ற நாயைக் குளோன் செய்து ஜூனி என்ற பெயரில் இப்போது வளர்க்கிறாராம். 2025 நவம்பரில் வந்த செய்தி. அந்தக் குளோனிங் கம்பெனியில் பிரேடியே பணம் போட்டிருக்கிறார் என்பதையும் அதே செய்தியில் எழுதியிருந்தார்கள், அதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கீழே தம்பி ஒரு வரி எழுதியிருந்தான்: "அப்பா, நம்ம டைகருக்கும் செய்யலாமா?"

ஐந்து நிமிடத்தில் மாமாவிடமிருந்து எனக்குத் தனியாகக் குரல் செய்தி. "என்ன மாப்ள, செத்ததைத் திரும்பப் பண்ணித் தருவானாமே, நெசமா?" குடும்பத்தில் அறிவியல் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் இப்படிப்பட்ட கேள்வி எல்லாம் என்னிடம்தான் வரும். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் டைகர் யாரென்று சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செம்பனைக் காட்டில் குலை தள்ளும் கைவண்டிக்கு அடியில் கிடந்த குட்டி. மாமா தன் கப்சாயின் (சின்ன மோட்டார் சைக்கிள்) முன்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். சாதியெல்லாம் ஒன்றும் இல்லை, சாதாரணத் தோட்டத்து நாய், செம்பட்டை நிறம். இடது காது பாதி கிழிந்திருக்கும், காட்டுப்பன்றி கிழித்தது. ரொட்டி சானாயில் (எங்கள் ஊர் பரோட்டா) மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் தின்பான், நடுவில் இருப்பதை அத்தையின் கோழிகளுக்கு விட்டுவிடுவான், ஆனால் தான் தின்று முடிக்கும்வரை ஒரு கோழியையும் கிட்டே வரவிடமாட்டான். இடி இடித்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். தெருவில் ஒரே மாதிரி நாற்பது கப்சாய் ஓடினாலும் மாமாவின் மோட்டார் சத்தம் முனை திரும்பும்போதே அவனுக்குத் தெரியும்.

சரி, செய்ய முடியுமா? டைகரைப் பொறுத்தவரை பதில் சுலபம், நேரம் தாண்டிவிட்டது. குளோன் செய்ய உயிருள்ள செல் வேண்டும். உயிர் போன உடனே உடம்பின் எல்லா செல்லும் செத்துவிடாது, தோலில் இருப்பவை இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது, உடம்பை ஈரத் துண்டில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், உறைய விடாதீர்கள், ஐந்து நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்த் தோல்துண்டு எடுத்துவிடுங்கள் என்று. வீட்டில் வெறுமனே உறையவைத்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிச் செல்லைக் கிழித்துவிடும். சீனாவில் ஒரு இளைஞர் தன் பூனையைப் புதைத்துவிட்டு வந்து, சில மணி நேரம் கழித்துக் குளோனிங் ஞாபகம் வர, திரும்பப் போய்த் தோண்டியெடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார், அந்தப் பூனைக் கதைக்குப் பிறகு வருகிறேன். மாமாவோ செத்த அன்று சாயங்காலமே ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு கைப்பிடி உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்துவிட்டார். நம் ஊர் வெயிலில் மூன்று நாள் மண்ணுக்குள். அப்படியே முன்கூட்டித் தெரிந்திருந்தாலும், தயிருக்கும் மீனுக்கும் நடுவில் டைகரை வைக்க அத்தை சம்மதித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா விடவில்லை. "இவன் போகட்டும், பொதுவா எப்படிப் பண்றான் சொல்லு."

சொல்கிறேன். தோல் செல்லுக்குள் உட்கரு என்று ஒன்று, அந்த நாயை உண்டாக்கத் தேவையான மரபணு முழுவதும் அதற்குள் இருக்கிறது. இன்னொரு பெட்டை நாயிடமிருந்து கருமுட்டையை எடுத்து, அதன் உட்கருவை ஊசியால் உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டு, காலியான முட்டையோடு நம் நாயின் தோல் செல்லைச் சேர்த்துச் சின்னதாக ஒரு மின் அதிர்வு கொடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால், அது கரு மாதிரி வளர ஆரம்பிக்கும். அதை மூன்றாவதாக ஒரு நாயின் வயிற்றில் வைத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். 1996 ஜூலை 5ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வகத்தில் டாலி ஆடு பிறந்தது இந்த வழியில்தான், ஒரு ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து. 277 முட்டைகளில் முயன்று பார்த்ததில் பிழைத்தது அந்த ஒன்று.

ஆட்டைவிட நாய் பல மடங்கு சிரமம். வருடத்துக்கு இரண்டு தடவைதான் பெட்டை பருவத்துக்கு வரும். அதிலும் நாயின் முட்டை முதிராமலே சூலகத்தை விட்டு வெளியே வந்து, கருக்குழாய்க்குள்தான் முதிர்கிறது. மாட்டுக்குச் செய்வதுபோல வெட்டுக்கூடத்தில் கிடைக்கும் சூலகத்திலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் முதிரவைக்கும் வேலை நாயிடம் சரியாக நடப்பதில்லை. உயிரோடிருக்கும் நாயின் வயிற்றைத் திறந்து, சரியான நாளில், கழுவித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பணக்காரர் மிஸ்ஸி என்ற தன் நாய்க்காக 1990களின் கடைசியில் லட்சக்கணக்கான டாலரை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கொட்டினார். வருடக்கணக்கில் முயன்றும் நாய் வரவில்லை, அதே பல்கலைக்கழகத்தில் பூனைதான் வந்தது. முதல் குளோன் நாய் 2005 ஏப்ரலில் தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, பெயர் ஸ்னப்பி. அந்தக் குழுவின் தலைவர் ஹுவாங் வூ-சுக், மனித ஸ்டெம் செல் ஆய்வில் பொய்க் கணக்கு எழுதி உலகம் முழுக்கப் பேர் கெட்டவர். அந்த விசாரணையில் ஸ்னப்பியையும் சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள், நாய் மட்டும் நிஜம் என்று தெரிந்தது.

ஸ்னப்பியின் கணக்கை மாமாவுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. 1,095 கருக்கள். அவற்றைச் சுமக்க 123 பெட்டை நாய்கள். சூல் பிடித்தது மூன்று. பிறந்தது இரண்டு. அதில் ஒன்று 22ஆம் நாள் நிமோனியாவில் போய்விட்டது.

இருபது வருடத்தில் கை பழகிவிட்டது, இப்போது இவ்வளவு மோசமில்லை. 1,500க்கு மேல் நாய்களைக் குளோன் செய்தாகிவிட்டது என்று இந்தத் துறை ஆய்வாளர்களே 2022இல் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் வேலையின் அடிப்படை மாறவில்லை. ஒரு டைகர் வேண்டுமென்றால் முட்டை கொடுக்க ஒரு நாய்க்கூட்டம், வயிறு கொடுக்க இன்னொரு நாய்க்கூட்டம், இரண்டுக்கும் அறுவைச் சிகிச்சை, அவற்றுக்குப் பெயர்கூட இருக்குமா என்று தெரியாது. எனக்கு முதலில் உறுத்துவது இதுதான். நாய் மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்பதற்காகச் செய்கிற காரியத்தில், பார்க்காத இடத்தில் வேறு நாய்களை அறுவை மேசையில் கட்டிப் போடுகிறோம். மாமா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "பெட்டைங்க பாவம்டா" என்றார்.

இனி, வருவது அதே நாய்தானா என்ற விஷயம். மரபணு ஒன்றானால் எல்லாமே ஒன்றுதானே என்று நினைப்பவர்களுக்கு டெக்சாஸில் 2001 டிசம்பர் 22 அன்று பிறந்த சிசி என்ற பூனையைக் காட்ட வேண்டும். உலகத்தின் முதல் குளோன் பூனை, 87 கருக்களில் பிழைத்த ஒன்று. தாய் என்பதா அக்கா என்பதா, செல் கொடுத்த பூனையின் பெயர் ரெயின்போ, வெள்ளை, பழுப்பு, ஆரஞ்சு கலந்த மூன்று நிறப் பூனை. சிசி பிறந்து பார்த்தால் வெள்ளையும் சாம்பல் வரியும். ஆரஞ்சைக் காணோம்! ஆய்வகத்தில் செல் மாறிவிட்டதா என்றால் இல்லை. பூனையில் ஆரஞ்சு, கறுப்பு விவகாரத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் (குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கும் இழை) இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்தும். வயிற்றுக்குள் கருவாக இருக்கும்போதே எந்தச் செல் எதை மூடுகிறது என்பது குருட்டாம்போக்கில் நடந்துவிடுகிறது, அதனால்தான் மூன்று நிறப் பூனையின் உடம்பில் அங்கொரு திட்டு இங்கொரு திட்டு. ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒரு செல்லில் ஆரஞ்சு எக்ஸ் மூடிக்கிடந்தது, குளோனிலும் அது திறக்கவில்லை. குணமும் வேறாகத்தான் இருந்தது. ரெயின்போ குண்டு, ஒதுங்கி இருக்கும். சிசி ஒல்லி, துறுதுறு.

தோண்டியெடுத்த சீனத்துப் பூனைக்கு வருவோம். பெயர் பூண்டு, சீன மொழியில் அந்தப் பொருள் தரும் பெயர்தான். பெய்ஜிங்கில் ஒரு கம்பெனி 2,50,000 யுவான் வாங்கிக்கொண்டு 2019 ஜூலையில் குட்டியைக் கொடுத்தது. மோவாயில் பழைய பூண்டுக்கு ஒரு கறுப்புத் திட்டு இருக்குமாம், புதிய பூண்டுக்கு இல்லை, அந்த இளைஞருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்ற பாடகி, தன் நாய் சமந்தா சாகும் முன்பே செல் எடுத்துவைத்து இரண்டு குட்டிகளை உருவாக்கினார். இரண்டுக்கும் குணம் வேறுவேறு, சமந்தாவின் பழுப்புக் கண்ணும் அந்த நிதானமும் வளர வளர வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று 2018இல் சொன்னார். இவ்வளவு செலவழித்தவரும் கடைசியில் காத்திருந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

குளோன் என்பதற்கு நெருக்கமான சொல் நகல் இல்லை, இரட்டை. கூடவே பிறக்காமல் பன்னிரண்டு வருடம் தள்ளிப் பிறக்கிற இரட்டை. தோட்டத்தில் எத்தனை இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம், ஒருத்தன் ரப்பர் பால்வெட்டில் கெட்டிக்காரன், மற்றவன் கத்தியைத் தொடவே மாட்டான். ஒருத்தன் இறந்தால் மற்றவனைக் காட்டி "இதோ இருக்கானே" என்று அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை.

மாமா அடுத்துக் கேட்டதுதான், நான் படித்த கட்டுரைகள் எல்லாவற்றையும்விட நேராக விஷயத்துக்கு வந்த கேள்வி. "அது பொறந்து வந்தா, என்னை அதுக்குத் தெரியுமா?"

தெரியாது. மோட்டார் சத்தம் தெரியாது. ரொட்டி சானாய் என்றால் என்னவென்று தெரியாது. கிழிந்த காது முழுசாகத்தான் இருக்கும், பன்றி கிழித்தது மரபணுவில் எழுதப்படுவதில்லை. இடிக்குப் பயப்படுவானா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, பயந்த சுபாவம் ஓரளவு பிறவியிலேயே வரும். ஆனால் டைகரின் பயம் குட்டியாக இருந்தபோது பின்வாசல் தென்னையில் இடி விழுந்ததிலிருந்து வந்தது என்று அத்தை சாதிக்கிறார், அப்படியானால் புதியவனுக்கு அந்தப் பயம் வரக் காரணமில்லை. செம்பட்டை நிறமும் வாலின் சுருளும் வரலாம். ஓடும்போது பின்பக்கத்தைக் கொஞ்சம் கோணலாகப் போடுவானே, அதுகூட வரலாம். மாமா அதைக் கேட்டதும் சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார்.

பிறவியில் வருவதும் சின்ன விஷயமில்லை, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கொரியச் சுங்கத் துறை, மோப்பத்தில் பேர்போன ஒரு லாப்ரடாரை ஏழு குட்டிகளாகக் குளோன் செய்து வேலைக்குப் பழக்கியது. அர்ஜென்டினாவில் போலோ ஆட்டக்காரர் அடோல்ஃபோ காம்பியாசோ, குவார்டெட்டேரா என்ற தன் பெண் குதிரையின் ஆறு குளோன்கள் மேல் மாறிமாறி ஏறி 2016இல் அந்நாட்டின் பெரிய போட்டியையே ஜெயித்தார். வேகம், மூக்கு, எலும்பு வாகு இவைதான் தேவை என்றால் குளோன் காசுக்கு வேலை செய்கிறது. ஆனால் மாமாவுக்கு டைகரின் மூக்கால் ஆகவேண்டியது எதுவும் இல்லை.

குளோன்கள் சீக்கிரம் செத்துவிடும் என்று தம்பி எதிலோ படித்துவிட்டுப் பயந்தான். டாலி ஆறரை வயதில் நுரையீரல் கட்டியால் போனதால் கிளம்பிய பேச்சு அது, ஆடுகளுக்குள் பரவும் ஒரு வைரஸால் வரும் கட்டி. டாலியின் அதே செல் தொகுப்பிலிருந்து பிற்பாடு பிறந்த நான்கு ஆடுகள் வயதாகியும் ஆரோக்கியமாகவே இருந்ததாக 2016இல் ஆய்வு வந்தது. சிசி பதினெட்டு வருடம் வாழ்ந்து குட்டியும் போட்டது. ஸ்னப்பி பத்து வயதில் புற்றுநோயால் போனான், அவனுக்குச் செல் கொடுத்தவனும் பன்னிரண்டு வயதில் புற்றுநோயால்தான் போனான். ஆகவே பிழைத்துப் பிறந்துவிட்டால் அப்புறம் பெரும்பாலும் சாதாரண நாய் வாழ்க்கைதான், கஷ்டமெல்லாம் பிறப்பதற்கு முன்னாலும் பிறந்த சில வாரத்திலும்.

காசு. அமெரிக்காவில் நாய்க்கு ஏறக்குறைய 50,000 டாலர், மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்) 2 லட்சத்தை ஒட்டி வரும். செல்லை மட்டும் எடுத்து உறைநிலையில் வைக்க 1,600 டாலர் அளவில், வருடா வருடம் வாடகை தனி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதை ஒரு சென் தொடாமல் சேர்த்தால் கிட்டத்தட்டப் பத்து வருடம். அதற்குள் அடுத்த நாயே கிழடாகிவிடும். தம்பி, லோன் போடலாம் என்றான். சிங்கப்பூர் சம்பளம் பேசுகிறது.

குளோனிங்கே வேண்டாத வேலை என்று நான் சொல்ல வரவில்லை. சபாவில் 2019 நவம்பரில் இமான் என்ற சுமத்ரா காண்டாமிருகம் இறந்தது, மலேசியாவின் கடைசி. அதன் செல்களை எடுத்து வைத்திருக்கிறார்கள், அவற்றை வைத்து அந்த இனத்தைத் திரும்ப உண்டாக்க முடியுமா என்று நம் ஊர் விஞ்ஞானிகளே முயல்கிறார்கள். அமெரிக்காவில் 1988இல் செத்த ஒரு கருங்கால் ஃபெரட்டின் (கீரி மாதிரி இருக்கும் சின்ன மிருகம்) உறைந்த செல்லிலிருந்து 2020இல் எலிசபெத் ஆன் என்ற குட்டி பிறந்தது. அதுவரை அந்த இனத்தில் உயிரோடிருந்தவை எல்லாமே ஏழே ஏழு ஃபெரட்களின் வாரிசு, எட்டாவதாக ஒரு ரத்தம் சேர இது வழி. இமானின் இடத்தில் வரும் கன்று இமான் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. காண்டாமிருகமாக இருந்தால் போதும்.

வீட்டுக்கு வரும் குளோன் குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நாயாக இருந்தால் போதாது, டைகராக இருக்க வேண்டும். ரொட்டி ஓரத்தை நீட்டிப் பார்ப்போம், அது நடுப்பகுதியைத் தின்றால் மனசுக்குள் ஒன்று குறையும். செத்தவனின் வேலையைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கச் சொல்வது அந்தக் குட்டிக்கு நாம் செய்கிற அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, 2 லட்சம் வெள்ளி இருந்தாலும் நான் செய்யமாட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடக்கும் குட்டியிடம் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, அது என்ன செய்தாலும் லாபம். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. வெறும் துக்கத்தில் இருக்கும் அப்பாவிடம் கணக்குப் பாடம் நடத்துகிறேன் என்று கோபித்துக்கொண்டான், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

மாமாவைத் தேற்ற ஒன்று சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூர் என்ற ஊரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மன் ஆட்சியில் நட்டது. அதில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று பெயர், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருடமாகிறது. அந்த வீரன் பெயர் கருந்தேவக்கத்தி என்பதை நானே ஒவ்வொரு தடவையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, நாயின் பெயர் மறப்பதில்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பார்த்தேன், குளியலறைத் தரை போட்டது போக மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முழத்துக்குப் பூசியிருக்கிறார். மேலே ஆணியால் கீறிய எழுத்து, "டைக்கர்". நடுவில் க் வராது என்று அத்தை திட்டிக்கொண்டிருந்தார். காய்வதற்குள் கோழி ஒன்று பெயருக்குக் குறுக்கே நடந்து போயிருக்கிறது, நான்கைந்து கால்தடம். டைகர் இருந்தால் அது அந்தப் பக்கமே வந்திருக்காது.